பூனை இல்லாத வீட்டுக்கு வந்த கடிதங்கள்

லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் பூனை கிடையாது. எங்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் யாரும் பூனை வளர்த்ததாகத் தகவல் இல்லை. ஆகவே, ஆடி மாதத்தில் ஒரு காலை, கதவிலிருக்கும் தபால் துளை வழியாக விழுந்த மடித்த தாளில், "தயவுசெய்து உங்கள் தோட்டத்துக் கொட்டகையை ஒருமுறை திறந்து பாருங்கள், ஹென்றி உள்ளே இருக்கக்கூடும்" என்று எழுதியிருந்ததைப் படித்தவுடன், போலீஸுக்குச் சொல்லிவிடலாம் என்றாள் என் மனைவி. தாளைத் திருப்பிய பிறகுதான், எழுதியவர் ஒரு விலங்கு நல அமைப்பின் தன்னார்வலர் என்பதும், ஹென்றி கறுப்பும் வெள்ளையும் கலந்த ஐந்து வயதுப் பூனை என்பதும் தெரிந்தன.

எங்களுக்கு முன் இந்த வீட்டில் குடியிருந்தவர்கள் நாலைந்து தெரு தள்ளிக் குடிபோயிருக்கிறார்கள். போன இடத்தில் ஹென்றி ஜன்னல் வழியாக நழுவிவிட்டான். வீடு மாறிய பூனைகள் பழைய எல்லையைத் தேடித் திரும்புவது வழக்கம் என்பதால்தான், புது வீட்டில் அவற்றைச் சில வாரங்கள் வெளியே விடக்கூடாது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஹென்றியும் அப்படித் திரும்பி வரலாம் என்ற கணக்கில் அந்தத் தாள் எங்களைத் தேடி வந்திருந்தது. கொட்டகையைத் திறந்து பார்த்தோம். துருப்பிடித்த மிதிவண்டி ஒன்று இருந்தது.

கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று. பூனை குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் அவர். அப்படிப்பட்ட பூனையை நாமே தேடிப் போனால் அது எந்தச் சகுனத்தில் சேரும் என்பது அவருடைய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், இருபது வார வயதைக் கடக்கும் முன்பே வீட்டுப் பூனைகளுக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம் என்று நான் விளக்கியிருந்தேன். "அவ்வளவு பணம் பிடுங்குகிற சிப், பூனை எங்கே இருக்கிறது என்று சொல்லாதா?" என்றார். சொல்லாது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி மணியளவில் கிடக்கும் அதற்கு மின்கலமும் இல்லை, வரைபடமும் தெரியாது. யாராவது பூனையைப் பிடித்து, கருவியை முதுகில் காட்டினால், பதினைந்து இலக்க எண் ஒன்றை மட்டும் ஒப்பிக்கும். "அதாவது, கிடைத்த பிறகு கண்டுபிடிக்க உதவும்" என்று அம்மா முடித்துக்கொண்டார்.

அடுத்த தாளில் வேண்டுகோள் ஒரு படி ஏறியிருந்தது. ஹென்றி இரவில் வந்து போகிறானா என்று அறிய, வாசற்படியில் கொஞ்சம் மாவு தூவி வைக்க முடியுமா, காலையில் கால்தடம் தெரியுமே என்று தன்னார்வலர் கேட்டிருந்தார். இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை விவரிக்க இயலாது. வாசலில் மாவு போடச் சொல்லி ஒரு வெள்ளைக்காரர் கைப்பட எழுதிக் கேட்கும் நாள் வரும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மாவில், அன்று வெள்ளிக்கிழமையாகவும் இருந்ததால், ஒன்பது புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றை வாசற்படி கொள்ளாமல் நடைபாதை ஓரம்வரை இழுத்துவிட்டார்.

மறுநாள் வந்த தாள் மிகுந்த பண்போடு எழுதப்பட்டிருந்தது. நாங்கள் எடுத்துக்கொண்ட சிரத்தைக்கு நன்றி. இவ்வளவு அழகாக மாவு தூவியவர்களை இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும், இந்த வடிவத்தில் பூனைக்கு இடைவெளிகளில் நடந்து போய்விட வசதியாக இருப்பதால், அடுத்தமுறை மாவைச் சமமாகப் பரப்ப இயலுமா என்று கேட்டிருந்தார். அம்மா மறுத்துவிட்டார். மாவைக் கொட்டிப் பரப்புவது சிந்தியதற்குச் சமம், விளங்காத வேலை என்பது அவர் கட்சி. தடம் தெரிய வேண்டுமானால் கோலத்தை இன்னும் நெருக்கமாகப் போடலாம் என்று இறங்கி வந்தார். ஆடி முடியும்வரை எங்கள் தெருவில் புள்ளிகள் நெருங்கிக்கொண்டே போயின. தபால்காரர் ஓரமாகக் கால் வைத்து நடக்கக் கற்றுக்கொண்டார்.

உணவு விஷயத்தில்தான் உண்மையான சிக்கல். தகர டப்பா மத்தி மீன் வைத்தால் வாசனைக்கு வருவான் என்று ஒரு தாள் சொன்னது. மரக்கறி வீட்டு வாசலில் மீனா என்று அம்மா அதிர்ந்து, ஒரு கிண்ணம் பால் வைத்தார். அதைப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும், தண்ணீர் போதும் என்று உடனே ஒரு தாள் வந்து விழுந்தது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டிப் பருவத்தோடு குறைந்துவிடுவது உண்மைதான், மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள் என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். எங்கள் அக்கிரகாரத்துப் பூனைகள் நாலு தலைமுறையாக உறியை எட்டிப் பிடித்ததெல்லாம் தண்ணீருக்காகவா என்று கேட்டார். இதற்கு எந்த மருத்துவரிடமும் பதில் இருக்க வாய்ப்பில்லை.

மேனர் பார்க் முருகன் கோயிலில் தேங்காய் உடைப்பதாக அம்மா வேண்டிக்கொண்ட வாரத்திலேயே கடைசித் தாள் வந்தது. ஹென்றி கிடைத்துவிட்டான். அவன் எங்கள் பக்கம் வரவேயில்லை. புது வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பாட்டி ஒருவர், வேறொரு பெயர் வைத்து, மூன்று வேளையும் மீன் போட்டு, அவனைச் சோபாவில் படுக்க வைத்திருந்தாராம். எங்கள் ஒத்துழைப்பைப் பாராட்டியதோடு நில்லாமல், இவ்வளவு அக்கறையுள்ள வீட்டில் ஒரு பூனை இல்லாதது வருத்தம் என்றும், வீடு தேடிக் காத்திருக்கும் பூனைகள் பல தங்கள் காப்பகத்தில் இருக்கின்றன என்றும் எழுதி, தத்தெடுக்கும் விண்ணப்பம் ஒன்றையும் உள்ளே மடித்து வைத்திருந்தார்கள்.

விண்ணப்பத்தை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, சாம்பார் சாதம் சாப்பிடும் பூனை அவர்களிடம் இருக்கிறதா என்று விசாரித்து எழுதும்படி அம்மா சொல்லியிருக்கிறார்.