அம்மாவின் வளைந்த கதவு

"கதவு நிலை வளைஞ்சிருக்கே, யாரும் பார்க்கலையா?" என்று அம்மா கேட்டபோது சிரித்துவிட்டேன். கதவு நேராகத்தான் இருந்தது. கெட்டிருந்தது அவருடைய விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா.

வயது சார்ந்த மாகுலா சிதைவு. பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் முகங்கள் தெரியவில்லை. கண்புரை என்று நினைத்திருந்தோம். அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2005இல் பெரிய துப்பு ஒன்று கிடைத்திருக்கிறது: 1ஆம் குரோமோசோமில் உள்ள சி.எஃப்.எச். மரபணு. அது உருவாக்கும் புரதம் நம் எதிர்ப்பாற்றலின் ஒரு பிரிவுக்கு பிரேக் மாதிரி. அதன் 402ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. விழித்திரைக்கு அடியில் அழற்சி. ஒரே ஒரு அமினோ அமிலம்! 10ஆம் குரோமோசோமிலும் ஏ.ஆர்.எம்.எஸ்.2, எச்.டி.ஆர்.ஏ.1 என்று இரண்டு மரபணுக்கள், ஒட்டிய வீட்டுக்காரர்கள் மாதிரி. யார் குற்றவாளி என்ற வழக்கு நீண்டுகொண்டே போகிறது.

எனக்கு மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்றார். முடிவு எதுவானாலும் செய்யப்போவது ஒன்றுதானாம். "சிகரெட் உண்டா?" என்று மட்டும் கேட்டார். உண்டு. மரபணு ஆபத்தோடு புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். சரி, 11 நாளாகத் தொடவில்லை.

கோடுகள் வளைந்து தெரிகின்றனவா என்று பார்க்க உதவும் கட்டம் போட்ட தாளை, ஆம்ஸ்லர் கட்டத்தை, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன். இன்று காலை வரை கோடுகள் நேர்.