ஆளுக்கு ஒரு தடவை முழுசா பாடின மனுஷன்

நேத்து ராத்திரி தூக்கமே வரல, அமெரிக்கப் பாடகர் டேனியல் ஜான்ஸ்டனோட பழைய ஆல்பம் ஒண்ணை ஹெட்போன்ல போட்டுட்டு படுத்திருந்தேன். இப்ப எல்லாம் நெட்லயே கிடைக்குது, ஆனா அந்த கேசட் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கு. அதுக்கு நடுவுல சின்னப்பையன் மாதிரி நடுங்குற குரல், தாளம் தப்பி ஓடுற கீபோர்டு. முதல் தடவை கேட்டப்ப என்னடா இதுன்னு அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டேன், அப்புறம் ரெண்டு நாள் அந்த ட்யூன் மண்டைக்குள்ளயே சுத்திச்சு, திரும்பப் போய் கேட்டேன், இன்னிக்கு வரைக்கும் விடல.

அமெரிக்காவுல மேற்கு வெர்ஜீனியாவுல நியூ கம்பர்லாண்டுன்னு ஒரு சின்ன ஊர், அங்க வளர்ந்தவர். பிறந்தது 1961. அஞ்சு பிள்ளைங்கள்ல கடைசி. ரொம்ப பக்தியான குடும்பம். எந்நேரமும் படம் வரையறது, காமிக்ஸ் படிக்கறது, வீட்டுக்கு அடியில இருக்கிற பேஸ்மென்ட்ல பியானோ வாசிச்சு பாட்டு கட்டறது, இதான் வேலை. 1980, 81 வாக்குல சானியோ டேப் ரெக்கார்டர் ஒண்ணை வச்சு பதிவு பண்ண ஆரம்பிச்சாரு. அம்மா திட்டறது கூட கேசட்ல பதிவாகியிருக்கும். காலேஜ்ல ஆர்ட் கிளாஸ்ல பாத்த ஒரு பொண்ணை விரும்பினாரு, அந்தப் பொண்ணு வேற ஒருத்தரை, அதுவும் இறுதிச்சடங்கு நடத்தற தொழில்ல இருந்தவரைக் கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுச்சு. அந்த ஒரு காதலை வச்சே ஆயுசு முழுக்க பாட்டு எழுதினாரு.

எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். ஆரம்பத்துல அவர்கிட்ட கேசட்டை காப்பி எடுக்க வழி கிடையாது. அதனால யாராவது கேசட் கேட்டா, உக்காந்து மொத்த ஆல்பத்தையும் முதல்லேர்ந்து திரும்பப் பாடி பதிவு பண்ணிக் குடுப்பாராம். இன்னொருத்தர் கேட்டா இன்னொரு தடவை. கவர் படமும் கையாலதான். யோசிச்சுப் பாருங்க, ஒரே ஒரு ஆளுக்காக ஒரு முழு ஆல்பம்.

1983ல டெக்சாஸுக்கு வந்து, ஹூஸ்டன்ல அண்ணன் வீட்டு கராஜ்ல ஒரு பொம்மை ஆர்கனை வச்சுட்டு ஒரு கேசட், அதே வருஷம் 'ஹாய், ஹவ் ஆர் யூ'ன்னு இன்னொண்ணு. ரெண்டாவதோட அட்டையிலதான் கண்ணு ரெண்டும் குச்சி மேல நிக்கிற மாதிரி அந்தத் தவளை வரும். அப்புறம் ஊர் ஊரா போற பொருட்காட்சிக் கும்பலோட சேர்ந்து சுத்தி, கடைசியில ஆஸ்டின்ல வந்து நின்னாரு. அங்க மெக்டொனால்ட்ஸ்ல வேலை பாத்துட்டே ரோட்ல போறவங்க வர்றவங்க கையில எல்லாம் கேசட்டைத் திணிப்பாரு. 1985ல எம்டிவிங்கிற பாட்டு சேனல் ஆளுங்க ஆஸ்டினுக்கு வந்தப்ப அந்த கேசட்டைத் தூக்கிக் காட்டிட்டு கேமரா முன்னாடி நின்னாரே, அந்த முகத்துல இருக்கிற சந்தோஷத்தை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

இவரைப் பத்தி பேசறவங்க எல்லாம் "பைத்தியக்கார மேதை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க, அதுதான் எனக்கு எரிச்சல். அவருக்கு மனநோய் இருந்துச்சு, ஆனா அது பாட்டைக் குடுக்கல, பாட்டு பாட முடியாம பண்ணிச்சு. 1990ல ஆஸ்டின்ல கச்சேரி முடிச்சுட்டு அப்பாவோட சின்ன விமானத்துல திரும்பறப்ப, சாவியைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சுட்டாரு. அப்பா பழைய விமானப்படை பைலட், எப்படியோ மரங்களுக்கு மேல இறக்கி ரெண்டு பேரும் உயிர் பிழைச்சாங்க. அதுக்கப்புறம் திரும்ப ஆஸ்பத்திரி. 1992ல நிர்வானா ராக் பேண்ட் பாடகர் கர்ட் கோபேன் அந்தத் தவளை டிஷர்ட்டைப் போட்டுட்டு எம்டிவி விருது விழாவுக்குப் போனதும் பெரிய ரெக்கார்ட் கம்பெனிங்க தேடி வந்தாங்க, அப்ப இவர் இருந்தது மனநல ஆஸ்பத்திரியில. அதுல எலெக்ட்ராங்கிற கம்பெனியை வேணாம்னுட்டாரு, மெட்டாலிகாங்கிற ஹெவி மெட்டல் பேண்ட் இருந்த கம்பெனி, அவங்க சாத்தானோட ஆளுங்கன்னு நிஜமாவே பயந்தாரு. 1994ல அட்லாண்டிக்ங்கிற இன்னொரு கம்பெனில ஒரு ஆல்பம் வந்துச்சு, விக்கல, ரெண்டு வருஷத்துல கழட்டிவிட்டாங்க. இதுல மேதைமை எங்க இருக்கு சொல்லுங்க, வலிதான் இருக்கு.

படங்களையும் தனியா சொல்லணும். சாதா பேப்பர்ல மார்க்கர் பேனாவால வரைஞ்சதுதான். கேப்டன் அமெரிக்கா, கேஸ்பர் பேய், பறக்கற கண்ணுங்க, மண்டையோட மேல்பாதி இல்லாத ஒரு குத்துச்சண்டைக்காரன். அந்தக் குத்துச்சண்டைக்காரனைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். 2006ல நியூயார்க் விட்னி மியூசியம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தற பைனியல் கண்காட்சியில இவர் படங்களை மாட்டினாங்க. தவளையை 1993லயே ஆஸ்டின்ல குவாடலூப் தெருவுல ஒரு ரெக்கார்ட் கடை சுவத்துல பெருசா வரைஞ்சிருந்தாரு, கடை போன பிறகு அந்தச் சுவத்தை இடிக்கப் பாத்தப்ப ஊர்க்காரங்க விடல.

கடைசி வருஷங்கள் டெக்சாஸ்ல வாலர்ங்கிற ஊர்ல, அம்மா அப்பா வீட்டுப் பக்கத்துலயே. 2019 செப்டம்பர்ல போயிட்டாரு, 58 வயசு.

காப்பி எடுக்க வழியில்லாம ஆளுக்கு ஒண்ணா பாடிக் குடுத்தாரே, அந்த கேசட்டுங்க இப்ப யார் வீட்டு அட்டைப்பெட்டியில கிடக்கோ தெரியல. ஒவ்வொண்ணுலயும் அதே பாட்டு, ஆனா வேற ஒரு நாள்ல வேற ஒருத்தருக்காகப் பாடினது.