முதுகு வலியோடு கார் வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

முதுகு வலி உள்ளவருக்கு எந்தக் கார் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு மாடலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. முதுகு வலி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று எதிரான கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. எனக்குக் கீழ் முதுகில் எல்4, எல்5 எனப்படும் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள டிஸ்க் பிதுங்கி, இடது காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்துகிறது. குனிந்தாலும் நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலி கூடும், எழுந்து நடந்தால் குறையும். என் அம்மாவுக்கு வயதின் காரணமாகத் தண்டுவடம் செல்லும் பாதை சுருங்கியிருக்கிறது. கடைத்தெருவில் சற்று நேரம் நின்றாலே அவருக்குக் கால்கள் மரத்துப்போகும், உட்கார்ந்து உடலை லேசாக முன்னால் வளைத்துக்கொண்டால் தெளிந்துவிடும். நிமிர்ந்த இருக்கையும் இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் வளைவும் எனக்கு ஆறுதல். அதே வளைவு அம்மாவின் முதுகைப் பின்னால் வளைத்து வலியைக் கிளப்பிவிடும். ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன்பே, எப்படி இருந்தால் வலி கூடுகிறது, எப்படி இருந்தால் குறைகிறது என்பதை எலும்பியல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ பேசித் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காலில் புதிதாக பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ காரைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உட்காருவதே டிஸ்க்குக்குக் கேடு என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. 1960களில் சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தத்தை அளந்து, நிற்கும்போது இருப்பதைவிட உட்காரும்போது அது அதிகம் என்று சொன்னதிலிருந்து பரவிய எண்ணம் அது. 1999இல் ஜெர்மனியின் வில்கே குழுவினர் புதிய கருவியால் மீண்டும் அளந்தபோது கிடைத்த படம் சற்று வேறு: நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), முன்னால் குனிந்து உட்காரும்போது 0.83, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து தளர்ந்து உட்காரும்போது 0.27. இந்த இரண்டாவது ஆய்வு ஒரே ஒருவரின் முதுகில் செய்யப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கார் தேடுகிறவருக்கு அதில் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்க முதுகைச் சாய்வுப்பகுதியிலிருந்து விலக்கி முன்னால் வர வேண்டிய கார், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், டிஸ்க் கோளாறு உள்ளவருக்கு ஏற்றதன்று.

இதனால் நான் முதலில் பார்ப்பது இருக்கையையும் ஸ்டியரிங்கையும் சேர்த்துத்தான். இடுப்பை இருக்கையின் பின்கோடி வரை தள்ளி உட்கார்ந்து, சாய்வுப்பகுதியை நேர்கோணத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 100 முதல் 110 டிகிரி வரை சாய்த்துக்கொண்டு, கிளட்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே இடத்தில் இருந்தபடி தோள்பட்டை சாய்வை விட்டு எழாமல் மணிக்கட்டை ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் வைக்க முடிய வேண்டும். கால் சரியாக அமையும் இடத்தில் கை எட்டாமலும், கை எட்டும் இடத்தில் கால் நெருங்கியும் இருக்கும் கார்கள் ஏராளம். ஸ்டியரிங்கை மேலும் கீழும் மட்டுமன்றி முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால்தான் இந்தச் சிக்கல் தீரும். நம் ஊர்ச் சிறிய கார்களில் பலவற்றில் மேல்-கீழ் நகர்வு மட்டுமே இருக்கிறது. முதுகு வலி உள்ளவருக்கு இது சன்ரூஃபைவிட நூறு மடங்கு பெரிய வசதி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது இருக்கையின் அடிப்பாகம். அதன் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பது நல்லது. நீளம் குறைந்தால் தொடை தாங்கப்படாமல் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும். நீளம் கூடினால் குட்டையானவர்கள் இடுப்பை முன்னால் நகர்த்தி உட்காருவார்கள், அப்போது கீழ் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். இடுப்பு முழங்காலைவிடத் தாழாமல் இருக்க வேண்டும் என்பதால் உயரத்தை மாற்றும் நெம்புகோல் உள்ள இருக்கையையே நான் பரிந்துரைப்பேன். லம்பார் சப்போர்ட் என்னும் இடுப்புத் தாங்கியை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி சிறிய கார்களில் அரிது. அது இல்லாத இடத்தில் கைத்துண்டு ஒன்றைச் சுருட்டி, பெல்ட் அணியும் இடத்துக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டால் போதும். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்தபடி ஓட்டினால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். நரம்பு வலி உள்ளவர்கள் அதை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

மெத்தென்ற இருக்கையைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு விநாடிக்கு 4 முதல் 6 அதிர்வுகள் கொண்ட குலுக்கலுக்கு மிக அதிகமாக ஆடும். சாதாரண ஃபோம் இருக்கையும் ஏறத்தாழ 4 அதிர்வு அளவில்தான் கீழிருந்து வரும் குலுக்கலைப் பெருக்கி மேலே அனுப்பும். சோபாவைப் போலப் புதையும் இருக்கையில் முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும், அரை மணி நேரத்தில் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் இறுகத் தொடங்கும். சற்றுக் கெட்டியாக, ஆனால் உடலின் வளைவோடு பொருந்தி இருக்கும் இருக்கையே நீண்ட தூரத்துக்குத் தாங்கும்.

ஏறி இறங்குவதில்தான் அம்மாவும் நானும் ஒரே முடிவுக்கு வந்தோம். காரின் அருகில் நின்று பார்க்கும்போது இருக்கை ஏறக்குறைய தொடையின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். பின்புறமாக நின்று உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்தே உள்ளே திருப்பிக்கொள்ளலாம். தாழ்ந்த செடானில் இடுப்பை மடக்கி உள்ளே விழ வேண்டியிருக்கிறது, உயர்ந்த எஸ்.யூ.வி.யில் ஒரு காலைத் தூக்கி வைத்து உடலை முறுக்கி ஏற வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, 1998இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்ததிலிருந்தும், அதற்கு மறு ஆண்டே வேகன்ஆர் வந்ததிலிருந்தும் நமக்குப் பழகிப்போன உயரமான ஹேட்ச்பேக் வடிவம் முதுகு வலி உள்ளவர்களுக்குப் பெரிய கொடை. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதும் முக்கியம். டாடாவின் அல்ட்ரோஸ், பஞ்ச் ஆகிய கார்களில் கதவுகள் 90 டிகிரி வரை திறப்பது முதியவர்களை ஏற்றி இறக்கும்போது தரும் உதவி கொஞ்சமன்று. டிக்கியின் விளிம்பு உயர்ந்திருந்தால், பையைத் தூக்கி அந்த விளிம்பைத் தாண்டிக் குனிந்து உள்ளே இறக்க வேண்டும். டிஸ்க்குக்கு இதைவிடப் பொல்லாத அசைவு இல்லை என்பதால், கனமான ஒரு பையைக் கையோடு கொண்டுபோய் வைத்து எடுத்துப் பார்ப்பது தகும்.

இடது காலில் நரம்பு வலி உள்ளவர்கள் கிளட்சைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றிய நெரிசலில் ஒரு மாலை வேளை ஓட்டினால் அந்தக் கால் எத்தனை முறை மடங்கி நீள்கிறது என்பது தெரியும். 2014இல் மாருதியின் செலேரியோ கார் மூலம் நம் நாட்டுக்கு வந்த, கிளட்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் ஏ.எம்.டி. முறை, ஆட்டோமேட்டிக்கைச் சாமானியர்களின் விலைக்குக் கொண்டுவந்தது. கியர் மாறும்போது அதில் லேசான தலையசைப்பு உண்டு. அந்தச் சிறு குலுக்கலும் தாங்காதவர்கள் சி.வி.டி. அல்லது டார்க் கன்வர்ட்டர் என்னும், இன்னும் மென்மையாக ஓடும் ஆட்டோமேட்டிக் வகைகளை ஓட்டிப் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை கிளட்ச் இல்லை என்ற ஆறுதலுக்கு முன்னால் அந்தத் தலையசைப்பு பெரிதாகத் தெரியவில்லை. இடது காலை ஊன்றி வைக்க டெட் பெடல் என்னும் மேடை இருக்கிறதா என்றும், பெடல்கள் ஸ்டியரிங்குக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கின்றனவா என்றும் குனிந்து பார்க்க வேண்டும். பெடல்கள் ஒதுங்கியிருந்தால் பயணம் முழுவதும் இடுப்பு சற்றே திரும்பிய நிலையிலேயே இருக்கும்.

சாலையின் குலுக்கலைப் பொறுத்தவரை டயரைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டால், குறைந்த விலை வகையில் வரும் 165/80 ஆர்14 டயரின் பக்கச்சுவர் உயரம் 132 மில்லிமீட்டர். உயர்ந்த வகையில் வரும் 185/65 ஆர்15 டயரில் அது ஏறக்குறைய 120. காற்றடைத்த அந்தச் சுவர்தான் பள்ளத்தின் முதல் அடியை வாங்கிக்கொள்கிறது. அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரம் போட்டால் அந்த அளவுக்கு அடி மேலே வரும். ஆனால் இருக்கை உயரத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் உயர்ந்த வகைகளில்தான் கிடைக்கிறது என்பதால் இரண்டில் எதை விடுவது என்ற இக்கட்டு வரும்; நான் இருக்கைக்கே முதலிடம் கொடுப்பேன். டயர் காற்றைக் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் அடைக்காமல் பார்த்துக்கொண்டாலே குலுக்கல் கணிசமாகக் குறையும்.

இதையெல்லாம் ஷோரூம்காரர் அழைத்துப்போகும் பத்து நிமிடச் சுற்றில் அறிய முடியாது; வலி தாமதமாகத்தான் வரும். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை பல அதைவிடக் குறுகியும் செங்குத்தாகவும் இருக்கின்றன. எனவே வீட்டுக்குப் போகும் அதே தெரு வழியாக ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், பின்னிருக்கையிலும் சற்று நேரம் உட்காருங்கள். பின்சக்கரத்துக்கு மேலே அமையும் பின்னிருக்கைக்கு அடி சற்றுக் கூடுதலாகவே வரும். அதைவிடச் சிறந்த வழி, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து கொண்ட வாடகைக் காராக அதே மாடலை ஒரு நாள் எடுத்து, திருநெல்வேலி வரை போய்வருவதுதான். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழும்போது முதுகு சொல்வதைக் கேட்டபின் முன்பணம் கட்டலாம். வாடகைக்குச் செலவாகும் சில ஆயிரங்களை எண்ணித் தயங்க வேண்டாம்.

நாங்கள் கடைசியில் உயரமான ஹேட்ச்பேக் ஒன்றை ஏ.எம்.டி. வகையில் எடுத்தோம். ஓட்டுநர் இருக்கையில் எனக்குச் சுருட்டிய துண்டு. அம்மா பக்கத்து இருக்கையில் அது இல்லாமல், சாய்வைத் தன் வசதிக்கு மாற்றி வைத்துக்கொள்கிறார். காரை எடுத்த அன்றே விற்பனையாளர்கள் தடித்த ரெக்சின் உறை போடச் சொல்வார்கள், அதை மறுத்துவிடுங்கள். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இருக்கையின் வளைவை அந்த உறை தட்டையாக்கிவிடும், வழுக்கும் பரப்பு இடுப்பை முன்னால் நழுவச் செய்யும், இருக்கையில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அது விரிவதற்கும் தடையாகலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் ஓட்டுநர் இருக்கையைக் கையால் அழுத்தி, பக்கத்து இருக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஃபோம் ஒரு பக்கம் அமுங்கியிருந்தால் சீட் வேலை செய்யும் கடையில் அதை மாற்றிக்கொள்ளலாம். அப்போது பஞ்சை மேலே கூட்டிவிடாமல், பழைய வடிவத்தையும் கெட்டித்தன்மையையும் அப்படியே வைத்துத் தரும்படி சொல்லிவிட வேண்டும்.