பதினாறு வயதின் மறுப்பு

மத நம்பிக்கையின் பேரில் இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் 16 வயதுப் பெண்ணின் சொல்லுக்கு, கோவையின் மருத்துவமனைகளில் பொதுவாக ஒப்புதல் படிவத்தில் இடமில்லை. பெற்றோர் கையெழுத்திடும் கோடுதான் இருக்கிறது. இந்தியாவின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவு 12 வயதுக்குட்பட்டோரின் சம்மதம் பொதுவாகச் செல்லாது என்கிறதே தவிர, அதற்கு மேற்பட்ட சிறார் சிகிச்சையை மறுத்தால் என்ன செய்வதென்று கூறவில்லை.

2009இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், இவ்வாறு மறுத்த 14 வயதுச் சிறுமியின் வழக்கில், இரத்தம் ஏற்ற வழிசெய்த சட்டம் செல்லும் என்றபோதும், முதிர்ச்சி கூடக்கூடச் சிறாரின் கருத்துக்கும் எடை கூட வேண்டும் என்றது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது: உயிர் போகும் நிலையில் இரத்தம் ஏற்றட்டும், ஆனால் உற்றாரை வெளியே நிறுத்திவிட்டு, அவளிடம் மருத்துவர் தனியே பேசிய பிறகு. (நம் கொங்குப் பக்கம் பெரியப்பாவும் மாமனும் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள், படுக்கையில் இருப்பவளை யாரும் கேட்பதில்லை.)