சித்தூர் வட்டாரத்தில் பண்பாட்டு புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் தமிழோ வரலாறோ எடுத்துப் படித்தால் கடைசியில் ஒரு புராஜெக்ட் காத்திருக்கும். 'பாலக்காட்டுத் தமிழர் பண்பாடு' என்று தலைப்பு வைத்தால், பண்பாடு என்றால் என்ன என்று விளக்குவதிலேயே பத்துப் பக்கம் போய்விடும். ஓர் ஊர், ஒரு கோயில், ஒரு வழக்கம் என்று சுருக்குங்கள். 'சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவில் இன்ன தெருவின் பங்கு' என்றால் எழுதவும் முடியும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தாக்குப்பிடிக்கவும் முடியும்.

பழைய ஆவணம் தேடும்போதுதான் பலர் வழி தவறுகிறார்கள். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். அதனால் சித்தூரைப் பற்றி எழுதிவிட்டு லோகனின் 'மலபார் மானுவல்' (1887) மட்டும் மேற்கோள் காட்டினால் தேர்வாளர் அங்கேயே பிடிப்பார். அச்சுத மேனோனின் 'கொச்சி ஸ்டேட் மானுவல்' (1911) பாருங்கள். கொச்சி ஆவணங்களுக்கு எறணாகுளம் வட்டார ஆவணக் காப்பகம், மலபாருக்குக் கோழிக்கோடு. துறைத் தலைவரின் கடிதம், அடையாள அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும்.

ஆவணத்தில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு வரும். அதை ஆங்கில ஆண்டாக்க, சிங்கம் (நம் ஆவணி) பிறந்ததிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் கர்க்கடகம் (நம் ஆடி) முடியும்வரை 825. கொல்லம் 1084 கும்பம் என்றால் 1909, நம் மாசி. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ஆவணி, ஐப்பசி நிகழ்ச்சிகள் ஒரு வருடம் தள்ளிப் போகும்.

பெரியவர்களிடம் "இது எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டால் "அது அந்தக் காலத்துலேயே" என்றுதான் பதில் வரும். "உங்களுக்குக் கல்யாணம் ஆனப்போ சாமி எந்தத் தெரு வழியா வந்துச்சுங்க பாட்டி?" என்று கேளுங்கள், வருடமும் வழியும் தானாக வரும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பதிவு செய்யச் சம்மதம் வாங்குவதையும் சேர்த்தே பதியுங்கள். அரை மணி நேரம் போதும். அதை எழுத்தாக்கவே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். நாலு பேரைப் பேட்டி எடுத்துவிட்டு எழுத உட்காராதவர்கள்தான் கடைசி வாரம் தவிப்பார்கள். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பெரியவர் பேசினால் அப்படியே எழுதுங்கள். பாடநூல் தமிழாக்கினால் உங்கள் சான்று செத்துவிடும்.

இதில் நல்ல விளைச்சல் தரக்கூடியது தோல்பாவைக்கூத்து, அதாவது தோல் பொம்மைகளின் நிழலை ஆட்டிக் கதை சொல்லும் கூத்து. பத்ரகாளி கோயில்களில் இதற்கென்றே உள்ள மேடைகளான கூத்துமாடங்களில் கம்பனின் பாட்டைத் தமிழிலேயே பாடி, மலையாளம் கலந்து விளக்கம் சொல்வார்கள். தமிழ் படித்தவருக்கு இதைவிட வாய்ப்பான களம் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் பாடப்படும் வரி அச்சுப் பதிப்போடு பல இடத்தில் ஒத்துவராது. 'பிழை' என்று திருத்திவிடாதீர்கள். தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் கேட்டது, வலப்பக்கம் அச்சு வடிவம். சொல் மாறியதா, சீர் விட்டுப்போனதா, வரி இடம் மாறியதா என்று மூன்றாகப் பிரியுங்கள். ஐம்பது பாட்டு வேண்டாம். ஒரே காட்சியில் பத்துப் பாட்டு இருந்தால் ஓர் இயல் தேறும். கூத்து ராத்திரி முழுக்க நடக்கும், பவர் பேங்க் மறக்க வேண்டாம்.

வைவாவில் தேர்வாளர் முதலில் திறப்பது பின்னிணைப்பைத்தான். பேட்டி கொடுத்தவர் வயது, தொழில், தேதி, இடம் அங்கே இல்லையென்றால் மீதிக் கேள்வி எல்லாம் அதைச் சுற்றியே வரும்.