அரை மணிக்கு ஒரு தடவை

இன்னைக்கு வேலூர் பாகாயத்துல சக்கர நாற்காலியில ஒருத்தர். பேசிக்கிட்டே ரெண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, அப்படியே ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு இது மருந்து மாதிரி.

உணர்ச்சி இல்லாத இடத்துல வலி எச்சரிக்காது. எடை அழுத்தி, ரத்த ஓட்டம் நின்னு, தோல் புண்ணாயிடும். அரை மணிக்கு ஒரு தடவையாவது தூக்கணும். கை சோர்ந்தா முன்னால நல்லா குனியலாம்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்தவங்க. நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சாங்க. (கை ஆபரேஷன் உட்கார்ந்து செய்யுறதுதான்.) 1966-ல இதே பாகாயத்துல மறுவாழ்வு மையம் தொடங்கினாங்க.

ஜெபம் மட்டும் போதும்னு சொல்றவங்க இவங்களைப் பார்க்கணும். ஜெபமும் விடலை, பயிற்சியும் விடலை.

சபையிலிருந்து இப்படிப்பட்டவங்க வீட்டுக்கு ஜெபிக்கப் போறவங்க, புண் வராம இருக்கப் போடுற காத்து மெத்தையில காத்து இறங்கியிருக்கான்னும் அடியில கையை விட்டுப் பார்த்துட்டு வாங்க.