தேவதூதர் நிற்கும் இடம்

இத்தாலியில் 14 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நீடிக்கும் மேல்நிலைக் கல்வியில், இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் லிசேயோ கிளாசிக்கோ என்னும் பிரிவை நான் தேர்ந்தெடுத்தேன். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வளர்ந்த எனக்கு அங்கே கடைசி மூன்று ஆண்டுகளும் கலை வரலாறு கட்டாயப் பாடமாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே. அதற்குள் கிரேக்கக் கோயில்களில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை வந்து சேர வேண்டும்.

எங்கள் ஆசிரியை ஒரு விதியை விட்டுக்கொடுக்காமல் கடைப்பிடித்தார். 'படைப்பை வாசித்தல்' என்று அங்கே சொல்லப்படும் அந்தப் பயிற்சியில், கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் சொல்லி முடிக்கும் வரை ஓவியரின் பெயரையோ காலத்தையோ எவரும் வாய்திறந்து சொல்லக் கூடாது.

நான்காம் ஆண்டில் எங்களைப் பலாஸ்ஸோ அபத்தெல்லிஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா 1476 அளவில் தீட்டிய மரியாவின் முன் நிறுத்தினார். 45 செ.மீ. உயரமுள்ள சிறிய மரப்பலகை அது. கறுத்த பின்னணியில் நீல முக்காடிட்ட ஓர் இளம்பெண். முன்னே சாய்மேசையில் திறந்த புத்தகம், அதன் தாள் ஒன்று மெல்ல எழும்பி நிற்கிறது. இடக்கை முக்காட்டின் விளிம்புகளை மார்பருகே சேர்த்துப் பிடித்திருக்க, வலக்கை நம்மை நோக்கி நீள்கிறது. இயேசுவைக் கருத்தரிப்பாய் என்று தேவதூதர் கபிரியேல் மரியாவிடம் வந்து சொல்வதைக் காட்டும் மங்கள வார்த்தை ஓவியங்களில் வழக்கமாக இருக்கும் அந்தத் தூதர் இதில் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் பார்ப்பவர் நிற்கிறார் என்பதை, ஏறத்தாழ அரை மணி நேரம் பார்த்த பிறகே எங்களில் ஒருவன் கண்டுபிடித்தான்.

அந்தோனெல்லோ எண்ணெய் வண்ண உத்தியைப் பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் யான் வான் எய்க்கிடமே நேரில் கற்றார் என்று, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். வான் எய்க் இறந்தது 1441இல். அந்தோனெல்லோவோ 1430 அளவில் பிறந்தவர். அவர் பயின்றது நேப்பிள்ஸ் நகரில். அரகோன் அரசர் அல்போன்ஸோ திரட்டிய பிளாண்டர்ஸ் ஓவியங்கள் அங்கே இருந்தன. மேற்கத்தியக் கலை என்றாலே புளோரன்ஸில் பிறந்து மற்ற ஊர்களுக்குப் பரவியது என்று நினைத்திருந்த எனக்கு, அந்த எண்ணத்தை மாற்ற அந்த ஒரு வகுப்பே போதுமானதாக இருந்தது. எங்கள் பலெர்மோவிலேயே, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரொஜர் மன்னர் கட்டிய அரண்மனைச் சிற்றாலயத்தில், பைசாந்தியப் பாணியில் வண்ணத் துண்டுகள் பதித்த மொசைக் சித்திரங்களுக்கு மேலே அரபு எழுத்துகள் வரைந்த மரக்கூரை இருக்கிறது. அதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று நாங்கள் நெடுநேரம் வாதிட்டோம்.

2010இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் தொழிற்கல்விப் பள்ளிகள் பலவற்றில் கலை வரலாற்று நேரத்தைக் குறைத்தது; சுற்றுலாத் துறைக்குப் போகும் மாணவர்களும் அதற்குத் தப்பவில்லை. இதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த நகரத்தை அயலாருக்குக் காட்டிப் பிழைக்கப்போகும் பிள்ளைகளுக்கு அல்லவா அந்தப் பாடம் முதலில் வேண்டும்?

அந்த வகுப்புக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேலைகளுக்குப் போய் என்னைப் படிக்கவைத்த அம்மாவை அதே அறைக்கு அழைத்துச் சென்றேன். யாழ்ப்பாணத்தில் சைவக் குடும்பத்தில் வளர்ந்த அவருக்குக் கபிரியேல் தூதரின் கதை தெரியாது. நானும் ஆசிரியையின் விதிப்படி எதுவும் சொல்லாமல் நின்றேன். அம்மா அந்த நீட்டிய கையையே வெகுநேரம் பார்த்தார்.

"முன்னால ஆரோ வந்து நிக்கினம் பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லுறா" என்றார்.

ஓவியத்தின் பெயரை அவர் அப்போது இன்னும் கேட்டிருக்கவில்லை.